கோடை மாலைக்கு எது: காப்ளரா, ரெபுஹிதோவா, போர்ட் டானிக்கா, அமெரிக்கானோவா?

ஸ்பெயினின் செவில் நகரத்தில் ஜூலை மாதம் வெயில் 40 டிகிரியைத் தொட்டால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. இரவு பத்து மணிக்கு மாடிச் சுவரில் கை வைத்தால் இன்னும் சுடும். அந்த நேரத்தில் விஸ்கி, ஜின் பக்கம் மனசு போகாது. பியர் இரண்டு குடித்தால் வயிறு நிறைந்துவிடும், சாப்பாடு இறங்காது. இந்த ஊருக்கு வந்த பிறகுதான் ஷெர்ரி, போர்ட், மூலிகை சேர்த்த வெர்மூத் மாதிரியான வலுவேற்றிய ஒயின்கள் கோடைக்கு எவ்வளவு பொருத்தம் என்று எனக்குப் புரிந்தது. ஒயினில் ஸ்பிரிட்டைச் சேர்த்து 15 முதல் 20 சதவீதம் வரை ஏற்றியிருப்பார்கள். அதில் ஐஸும் சோடாவும் சேர்ந்தால் ருசி கெடாமல் பானம் லேசாகிவிடும். சாதாரண ஒயினில் அதே அளவு தண்ணீர் கலந்தால் சப்பென்று ஆகிவிடும்.

மே மாதம் பிறந்தால் தெரிந்தவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். லண்டனில் இருக்கும் ஒரு தம்பி போன வாரம் கேட்டான்: "அண்ணா, சனிக்கிழமை ஆறு பேர் வர்றாங்க. லேசா ஏதாவது பண்ணணும். காப்ளர், ரெபுஹிதோ, போர்ட் டானிக், அமெரிக்கானோ, நாலையும் படிச்சுட்டேன். எந்த பாட்டில் வாங்கட்டும்?" நாலும் நல்ல பானங்கள், அதனால்தான் முடிவெடுப்பது கஷ்டம். நான் அவனிடம் திருப்பிக் கேட்டது இதுதான்: விருந்தாளிகள் போன பிறகு மிச்சமிருக்கும் பாட்டிலை எத்தனை நாளில் தீர்ப்பாய்? அதற்குப் பதில் தெரிந்தால் பானம் கிட்டத்தட்ட முடிவாகிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஆல்கஹால். பானத்தின் சதவீதத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு கிளாஸில் சுத்த ஆல்கஹால் எத்தனை மில்லி என்று பாருங்கள். கணக்கு சுலபம்: ஊற்றும் மில்லியைப் பாட்டிலில் உள்ள சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் போதும். 330 மில்லி, 5 சதவீத பியரில் 16.5 மில்லி. 60 மில்லி, 40 சதவீத ஜின்னில் 24 மில்லி. இங்கிலாந்தில் 10 மில்லியை ஒரு யூனிட் என்பார்கள். கீழே உள்ள நாலு பானங்களையும் இந்த இரண்டு எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, திறந்த பாட்டிலின் ஆயுள். மறைமுகச் செலவு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. விஸ்கி பழக்கத்தில் நாம் எந்த பாட்டிலையும் அலமாரியில் வைத்துவிடுகிறோம். ஆனால் இவை ஒயின்கள், திறந்தால் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். அங்கேயும் அவற்றுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

மூன்றாவது, வேலையும் ஐஸும். நான்காவது சர்க்கரை. இதில் நாலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, யாருக்கு நாக்கில் தெரிகிறது என்பதுதான் மாறுகிறது.

| பானம் | ஒரு கிளாஸுக்கு | சுத்த ஆல்கஹால் | திறந்த பாட்டில் (ஃபிரிட்ஜில்) | வேலை | இனிப்பு |
|---|---|---|---|---|---|
| ஷெர்ரி காப்ளர் | அமோன்டியாடோ வகை ஷெர்ரி 90 மில்லி (18 சதவீதம்) | சுமார் 16 மில்லி | 2 முதல் 3 வாரம் | அதிகம், ஐஸ் நிறைய வேண்டும் | நாம் போடும் அளவு |
| ரெபுஹிதோ | ஃபினோ வகை ஷெர்ரி 60 மில்லி (15 சதவீதம்) | 9 மில்லி | ஒரு வாரத்துக்குள் | இல்லை என்றே சொல்லலாம் | தெளிவாகத் தெரியும் |
| போர்ட் டானிக் | வெள்ளை போர்ட் 50 மில்லி (19 சதவீதம்) | 9.5 மில்லி | சுமார் 2 வாரம் | மிகக் குறைவு | மிதம், கூடவே கசப்பு |
| அமெரிக்கானோ | வெர்மூத் 30 மில்லி (16 சதவீதம்), காம்பாரி என்னும் கசப்பு மது 30 மில்லி (25 சதவீதம்) | சுமார் 12 மில்லி | வெர்மூத் 1 முதல் 2 மாதம், காம்பாரி கெடாது | குறைவு | இருக்கிறது, கசப்பு மறைத்துவிடும் |

## ஷெர்ரி காப்ளர்

நாலில் வயதில் மூத்தது இதுதான். அமெரிக்காவில் 1830-களிலேயே பிரபலம். அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸ் 1862-இல் வெளியிட்ட பார் கையேட்டில் இதன் முறை மூன்று வரியில் முடிந்துவிடுகிறது: இரண்டு ஒயின் கிளாஸ் ஷெர்ரி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மூன்று ஆரஞ்சு வில்லைகள். டம்ளர் நிறைய சீவிய ஐஸ் போட்டு நன்றாகக் குலுக்கி, மேலே பெர்ரிப் பழங்கள்.

இந்தப் பானத்தைப் பிறக்க வைத்ததே ஐஸ்தான். மசாசூசெட்ஸ் பக்கத்துக் குளங்கள் குளிர்காலத்தில் உறையும்போது பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, வெயில் ஊர்களுக்குக் கப்பலில் அனுப்பி விற்றவர் ஃபிரடெரிக் டியூடர். 1833-இல் அவருடைய சரக்கு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கே வந்து சேர்ந்தது. சென்னை மெரினாவுக்கு எதிரே, திருவல்லிக்கேணியில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் அந்த ஐஸைச் சேமித்து வைக்க 1842-இல் அவருடைய நிறுவனம் கட்டியது. அந்த இடத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்னும் போகவில்லை. நியூயார்க்கில் ஒருவர் காப்ளர் குடித்த அதே காலத்தில், மசாசூசெட்ஸ் குளத்து ஐஸ் மெட்ராஸிலும் உருகிக்கொண்டிருந்தது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான். ஸ்ட்ராவைப் பழக்கப்படுத்தியதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. டம்ளர் முழுக்க நொறுங்கிய ஐஸ் இருந்தால் வாய் வைத்துக் குடிக்க முடியாதே. அப்போது ரை என்ற தானியப் பயிரின் தண்டுகளைத்தான் ஸ்ட்ராவாகப் பயன்படுத்தினார்கள். காகித ஸ்ட்ராவுக்கு மார்வின் ஸ்டோன் காப்புரிமை பெற்றது 1888-இல்.

நான் செய்யும் முறை இது. ஷேக்கரில் ஆரஞ்சு வில்லை இரண்டு, சர்க்கரை இரண்டு தேக்கரண்டி. கட்டையால் இரண்டு அழுத்து, அவ்வளவுதான். தோலின் வெள்ளைப் பகுதி நசுங்கினால் கசப்பு இறங்கிவிடும். 90 மில்லி அமோன்டியாடோ, கை நிறைய ஐஸ், பத்து பன்னிரண்டு விநாடி குலுக்கல். ஷேக்கர் வெளியே பனி பூத்து விரல் ஒட்டத் தொடங்கினால் போதும்.

நொறுக்கிய ஐஸுக்கு மெஷின் வேண்டாம். ஐஸ் கட்டிகளைப் பருத்தித் துண்டில் முடிந்து சப்பாத்திக் கட்டையால் அடியுங்கள். உருகும் தண்ணீரைத் துணி குடித்துவிடும், ஐஸ் உலர்ந்து கல் உப்பு மாதிரி உதிரியாக வரும். பிளாஸ்டிக் பையில் போட்டு அடித்தால் தண்ணீரும் ஐஸும் கலந்த கூழாகிவிடும், கிளாஸில் ஐந்தே நிமிடத்தில் பானம் நீர்த்துப்போகும். உயரமான கிளாஸில் அந்த ஐஸைக் கோபுரமாக நிரப்பி, வடிகட்டிய பானத்தை ஊற்றும்போது ஐஸ் சரசரவென்று ஒரு விரல் அளவு கீழே இறங்கும். மேலே இன்னும் கொஞ்சம் ஐஸ், ஒரு புதினாக் கொத்து, ஆரஞ்சு வில்லை. ஸ்ட்ராவைப் புதினாவுக்குப் பக்கத்திலேயே செருகினால் ஒவ்வொரு முறை குனியும்போதும் வாசனை மூக்குக்கு வரும்.

ஏன் அமோன்டியாடோ? அது முதலில் ஈஸ்ட் படலத்தின் கீழும், பிறகு காற்று படும்படியும் முதிர்ந்தது. வறுத்த கொட்டை வாசனை இருக்கும், ஐஸ் கரைந்தாலும் அது தாக்குப்பிடிக்கும். ஒலோரோசோவும் நன்றாக வரும், திறந்த பாட்டில் ஒரு மாதம் வரை தாங்கும். கிரீம் ஷெர்ரி கையில் இருந்தால் சர்க்கரையைப் போடாதீர்கள், அதிலேயே இருக்கிறது. சமையலுக்கென்று விற்கும் ஷெர்ரியை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அதில் பெரும்பாலும் உப்பு சேர்த்திருப்பார்கள்.

இனி மறைமுகச் செலவு. ஒன்று, ஐஸ். கிளாஸுக்குக் கால் கிலோவுக்கு மேல் ஆகும். நாலு பேருக்கு இரண்டு சுற்று என்றால் இரண்டு கிலோ தாண்டும், வீட்டு ஃபிரிட்ஜின் டிரேக்கள் போதாது. மூடை ஐஸ் வாங்கி வையுங்கள். இரண்டாவது இதைவிட முக்கியம்: ஒரு காப்ளரில் ஒரு பியர் அளவு ஆல்கஹால் இருக்கிறது. பழச்சாறு மாதிரி இருப்பதாலும் ஸ்ட்ராவில் குடிப்பதாலும் பத்தே நிமிடத்தில் காலியாகிவிடும். தாமஸின் பழைய அளவில் செய்தால் இன்னும் கூடும். "லேசானது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு யாரையும் வண்டி ஓட்ட விடாதீர்கள்.

## ரெபுஹிதோ

தெற்கு ஸ்பெயினில் செவில் இருக்கும் ஆண்டலூசியா மாகாணத்தின் திருவிழாப் பானம். செவிலில் வசந்த காலத் திருவிழா நடக்கும் மைதானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூடாரங்கள். கசேத்தா என்பார்கள். மஞ்சள் மண், குதிரை வண்டி, புள்ளிப் பாவாடை, அதற்கு நடுவே மேசைக்கு மேசை பிளாஸ்டிக் ஜாடியில் ரெபுஹிதோ. யாரும் தனி கிளாஸ் கேட்பதில்லை. ஜாடியாக வாங்கி, குட்டி டம்ளர்களில் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

முறை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஃபினோ அல்லது அதே மாதிரி இன்னொரு ஷெர்ரியான மன்சானியா ஒரு பங்கு, லெமன் சோடா இரண்டு பங்கு, ஐஸ், புதினா. மன்சானியா கடலோரம் இருக்கும் சான்லூக்கரில் முதிர்வது, இலேசாக உப்புக் கரிக்கும். எனக்கு ரெபுஹிதோவுக்கு அதுதான் பிடிக்கும், சோடாவின் இனிப்பை அந்த உப்பு சமன் செய்கிறது.

ஆனால் ஃபினோவின் குணத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 600 லிட்டர் பீப்பாயில் 500 லிட்டர் மட்டும் ஊற்றி மேலே இடம் விடுவார்கள். அந்த இடத்தில் ஒயினின் மேல் வெள்ளையாக ஈஸ்ட் ஆடை படரும். ஃப்ளோர் என்று பெயர். ஆறிய பாலில் ஆடை படிவது போலத்தான் இருக்கும். அது ஒயினைக் காற்று படாமல் காக்கிறது, அதனால்தான் ஃபினோ வெளிறிய நிறத்தில், பச்சை ஆப்பிளும் புளிக்கத் தொடங்கிய மாவும் கலந்த வாசனையோடு இருக்கிறது. ஆயுள் முழுக்க காற்றே படாமல் வளர்ந்த ஒயின், பாட்டில் திறந்ததும் காற்றைத் தாங்காது. வந்த முதல் வருஷம் பாதி பாட்டில் ஃபினோவை ஃபிரிட்ஜ் கதவில் மூன்று வாரம் விட்டுவிட்டேன். ஊற்றியபோது நிறம் கருத்திருந்தது, நறுக்கி வைத்த ஆப்பிள் பழுத்துப் போன வாசனை. ஒரு நல்ல ஒயின் வீணானது இன்னும் உறுத்துகிறது.

இதற்கு ஒரே வழி, 375 மில்லி அரை பாட்டில் வாங்குவது. ஃபினோவும் மன்சானியாவும் அந்த அளவில் கிடைக்கும். ஆறு கிளாஸ் வரும், இரண்டு பேருக்கு ஒரு வார இறுதிக்குச் சரி. முழு பாட்டில் என்றால் பன்னிரண்டு கிளாஸ், அது ஒரே மாலையில் தீரும் கூட்டமாக இருக்க வேண்டும்.

இன்னொரு செலவு சர்க்கரை. லெமன் சோடாவில் 100 மில்லிக்கு 10 கிராம் வரை இருக்கும், நாட்டுக்கு நாடு மாறும். சோடாவில் பாதியைச் சாதா சோடாவாக மாற்றி அரை எலுமிச்சை பிழிந்தால் என் நாக்குக்கு இன்னும் நன்றாகவே இருக்கிறது. நம் ஊர் வறுத்த மீன், மெதுவடை, காரமான முந்திரி எல்லாவற்றுக்கும் இது தோதானது. செவில் திருவிழாவும் முதல் இரவு வறுத்த மீனோடுதான் தொடங்குகிறது.

## போர்ட் டானிக்

போர்த்துகலின் போர்ட்டோவிலும் ஆற்றுக்கு அக்கரையில் கிடங்குகள் நிற்கும் காயாவிலும் மாலை ஆறு மணிக்கு எந்த மேசையைப் பார்த்தாலும் இது இருக்கும். வெள்ளை போர்ட் ஒரு பங்கு, டானிக் வாட்டர் என்னும் கசப்புச் சோடா இரண்டு பங்கு, பெரிய கிளாஸ், ஐஸ் கட்டிகள், ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல். கலக்கக்கூட வேண்டாம், ஒரு முறை கரண்டியால் தூக்கிவிட்டால் போதும்.

போர்ட்டுக்கும் ஷெர்ரிக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம். ஃபினோவில் திராட்சையின் சர்க்கரை முழுக்க நொதித்துத் தீர்ந்த பிறகு ஸ்பிரிட் சேர்க்கிறார்கள். போர்ட்டில் நொதித்தல் பாதியில் இருக்கும்போதே 77 சதவீத ஸ்பிரிட்டை ஊற்றி ஈஸ்ட்டை நிறுத்திவிடுகிறார்கள், சர்க்கரை உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் வெள்ளை போர்ட்டில் லேபிளைப் படிப்பது முக்கியம். "சேக்கோ" என்றால் இனிப்புக் குறைந்தது, டானிக்குக்கு அதுதான். "லாக்ரிமா" என்றால் மிக இனிப்பு, டானிக்கும் இனிப்பு என்பதால் சேர்ந்தால் திகட்டும். டெய்லர்ஸ் நிறுவனம் சிப் டிரை என்ற இனிப்புக் குறைந்த வெள்ளை போர்ட்டை 1934-லேயே கொண்டுவந்தது. இந்தப் பானத்துக்கு அந்த வகைதான் வேண்டும்.

டானிக்கை ஒரு லிட்டர் பாட்டிலில் வாங்காதீர்கள். இரண்டாம் நாளே கேஸ் போய்விடும், பானத்தின் உயிரே அந்தக் குமிழ்தான். 200 மில்லி பாட்டில் ஒன்று சரியாக இரண்டு கிளாஸுக்கு வரும். அது கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் கொட்டும் டானிக்கைக் கணக்கில் சேர்த்தால் சமமாகிவிடும்.

வேலை முடிந்து வந்து ஒரே ஒரு கிளாஸ் வேண்டும் என்பவர்களுக்கு நாலில் இதுதான் சரி.

## அமெரிக்கானோ

காம்பாரி, இனிப்பு வெர்மூத், சோடா, ஆரஞ்சு வில்லை. 1860-களில் மிலானில் கஸ்பாரே காம்பாரி நடத்திய கடையிலிருந்து பரவிய இத்தாலியப் பானம். வெர்மூத் அதைவிடப் பழையது, டூரின் நகரத்தில் அன்டோனியோ பெனெடெட்டோ கார்பானோ 1786-இல் விற்கத் தொடங்கியது. அதற்குப் பெயர் கொடுத்த கசப்பு மூலிகை நம் மரிக்கொழுந்தின் ஒன்றுவிட்ட உறவு, இரண்டும் ஒரே பேரினம். நல்ல வெர்மூத்தைத் திறந்து முகரும்போது அந்தப் பச்சை வாசனையின் சாயல் தெரியும்.

பாகற்காயும் சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூ ரசமும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இந்தக் கசப்பு புதிதல்ல. ஆனால் விருந்தாளிகளில் ஒருவருக்காவது பிடிக்காமல் போகும் வாய்ப்பு நாலில் இதற்குத்தான் அதிகம். அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

செலவு என்று பார்த்தால் முதல் நாளே இரண்டு பாட்டில் வாங்க வேண்டும். கைக்காசு அதிகம் போகும். ஆனால் இரண்டும் நீண்ட நாள் தாங்கும், ஒரு கோடை முழுக்க ஓட்டலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் வீணாவது மிகக் குறைவு. சைவம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: காம்பாரியின் சிவப்பு முன்பு கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்தது. 2006 முதல் பெரும்பாலும் செயற்கை நிறத்துக்கு மாறிவிட்டார்கள், இருந்தாலும் உங்கள் ஊர் லேபிளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காம்பாரி வேண்டாம் என்றால் வெர்மூத்தும் சோடாவும் மட்டும் போதும். ஸ்பெயினில் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆலிவ் தட்டோடு அதைத்தான் குடிக்கிறார்கள்.

## பாம்பூ, அடோனிஸ் ஏன் பட்டியலில் இல்லை

இவை இரண்டும் ஷெர்ரியும் வெர்மூத்தும் சரிபாதி கலந்து, பிட்டர்ஸ் என்னும் கசப்புச் சாரம் சில சொட்டு விட்டு, ஐஸில் கலக்கி வடிகட்டும் காக்டெய்ல்கள். பாம்பூவுக்கு உலர் வெர்மூத், அடோனிஸுக்கு இனிப்பு வெர்மூத். யோகோஹாமாவின் கிராண்ட் ஹோட்டலில் 1890-களில் லூயிஸ் எப்பிங்கர் பாம்பூவைப் பெயர் பெற வைத்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் சோடாவும் இல்லை, கிளாஸில் ஐஸும் இல்லை. வெயிலில் வந்தவருக்குத் தாகம் தீராது.

## யாருக்கு எது

எட்டுப் பத்துப் பேர், வறுவல், பாட்டு, சத்தம் என்றால் ரெபுஹிதோ. ஐஸ் நொறுக்க நேரம் இருக்காது, பாட்டிலும் அன்றைக்கே தீர்ந்துவிடும். தனியாள், வார நாள் என்றால் போர்ட் டானிக். இந்தக் கோடையில் எப்போது வேண்டுமானாலும் யாராவது வரலாம், அவசரமில்லாமல் ஒரு பாட்டில் வீட்டில் இருக்கட்டும் என்றால் வெர்மூத்தும் காம்பாரியும். இரண்டு முதல் நாலு பேர், பேசிக்கொண்டே உட்காரப் போகிறீர்கள், கையால் ஒன்றைச் செய்து கொடுக்கும் ஆசை இருக்கிறது என்றால் காப்ளர். ஒன்றுதான் என்று என்னைக் கேட்டால் எனக்கும் அதுதான். மற்ற மூன்றையும் எந்தக் கடையிலும் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள், நன்றாகச் செய்த காப்ளரை நான் குடித்தது பெரும்பாலும் வீடுகளில்தான்.

லண்டன் தம்பிக்கு ஆறு பேர், அதில் இருவர் வண்டியில் வருகிறார்கள். மன்சானியா ஒரு முழு பாட்டில், லெமன் சோடாவும் சாதா சோடாவும் பாதிக்குப் பாதி, புதினா ஒரு கட்டு என்று எழுதிக் கொடுத்தேன். வண்டி ஓட்டுபவர்களுக்கு அதே ஜாடியின் எலுமிச்சையும் புதினாவும் சோடாவும், ஒயின் மட்டும் இல்லாமல். ஞாயிறு காலை அவனிடமிருந்து செய்தி வந்தது: பாட்டிலில் இரண்டு விரல் மிச்சம், அன்று மதியமே மட்டியைப் பூண்டோடு வதக்கும்போது அதை ஊற்றிவிட்டானாம்.